நெற்றி விளக்கும் இடுப்புக் கணினியும்

உடம்பில் அணியும் கருவி என்றதும் இன்று நமக்கு மணிக்கட்டில் இதயத் துடிப்பைக் காட்டும் கடிகாரம்தான் ஞாபகம் வரும். பேராக் மாநிலத்தின் பால்மரக் காடுகளில் அதற்கெல்லாம் பல தலைமுறைக்கு முன்பே கருவியை மாட்டிக்கொண்டுதான் வேலைக்குப் போனார்கள். விடியாத இருட்டில் பெரட்டு முடிந்து நிரைக்குள் நுழையும்போது நெற்றியில் ஒரு விளக்கு. முதலில் கார்பைட் விளக்கு: கல்லின் மேல் தண்ணீர் சொட்ட, கிளம்புகிற வாயு எரியும். பிறகு பேட்டரி விளக்கு வந்தது. பேட்டரிப் பெட்டி இடுப்பில், அதிலிருந்து ஒரு கம்பி முதுகு வழியாகத் தலைக்கு. கை இரண்டும் வேலைக்கு வேண்டுமே. ஒரு கை கத்திக்கு, மறு கை காய்ந்துபோன கோட்டுப்பாலை இழுத்துப் போட, மங்கைத் துடைத்துக் கவிழாமல் வைக்க.

1990களில் அமெரிக்காவில் சில பொறியாளர்கள் கிட்டத்தட்ட இதே அமைப்பை மறுபடியும் கண்டுபிடித்தார்கள். இடுப்பில் ஒரு பெட்டி, தலைக்கு ஒரு கம்பி, கண்ணுக்கு முன்னால் ஒளி. அவர்களுடையது கணினி. ராணுவ வண்டியையும் விமானத்தையும் பழுது பார்க்கிறவர்களுக்காகச் செய்தது. செய்ததோடு நிறுத்தாமல் அதை மெக்கானிக்குகளிடம் மாட்டிவிட்டு, ‘எங்கே இடிக்கிறது, எங்கே கை எட்டவில்லை’ என்று பக்கத்தில் நின்று பார்த்தார்கள். இந்தச் சோதனைகளின் வரலாற்றைப் படிக்கப் படிக்க எனக்குத் தோட்டம்தான் கண்ணில் வந்து நின்றது. ஒரு தொழிலாளியின் உடம்பு எப்போது ஆய்வுக்குரிய விஷயமாகிறது? யாருடைய கை முதலில் கேட்கப்பட்டது, யாருடையது கடைசிவரை கேட்கப்படவே இல்லை?

வரிசையில் முதலில் வந்தவர் விமானி. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்காவின் பி-17 குண்டுவீச்சு விமானங்கள் நல்லபடியாகத் தரையிறங்கிய பிறகு ஓடுபாதையிலேயே வயிற்றை மோதிக்கொண்டு விழுந்தன. விமானி இறக்கை மடிப்பை மடக்குவதற்குப் பதிலாகச் சக்கரத்தை மடக்கிவிடுகிறார். ‘விமானியின் பிழை’ என்று எழுதிக் கோப்பை மூடினார்கள். அல்போன்ஸ் சாப்பானிஸ் என்ற உளவியலாளர் விமானி உட்காரும் இடத்தைப் போய்ப் பார்த்தார். இரண்டு விசைகளும் பக்கத்துப் பக்கத்தில், ஒரே மாதிரி. களைத்துப்போன கைக்கு வித்தியாசம் எப்படித் தெரியும்? சக்கர விசையின் நுனியில் ஒரு குட்டி ரப்பர் சக்கரத்தையும், மடிப்பு விசையின் நுனியில் ஓர் ஆப்பு வடிவத்தையும் பொருத்தினார். கண்ணால் பார்க்காமலே தொட்டால் தெரியும். அந்த வகை விபத்து நின்றது. (அந்தக் குட்டிச் சக்கரத்தின் ரப்பர் நம் மரத்திலிருந்து போயிருக்க வாய்ப்பு குறைவு. அப்போது மலாயா ஜப்பானியர் கையில்.)

சாப்பானிஸ் செய்த பெரிய காரியம் அந்தச் சக்கரம் இல்லை. பிழை ஆளிடமா, கருவியிடமா என்ற கேள்வியை ஒரு துறையாக மாற்றினார். ஆனால் அந்தத் துறை நாற்பது வருடத்துக்கு மேல் விமானி அறையைச் சுற்றியே இருந்தது. ஹேங்கருக்குள், ஏணியில் நின்று தகட்டைத் தட்டிப் பார்க்கிற ஆளிடம் அது பெரிதாக வரவில்லை. வர வைத்தது ஒரு விபத்து.

1988 ஏப்ரல் 28. ஹவாய்த் தீவுகளில் ஹீலோவிலிருந்து ஹொனலுலுவுக்குப் புறப்பட்ட அலோஹா நிறுவனத்தின் போயிங் 737 விமானம் 24,000 அடி உயரத்தில் இருக்கும்போது முன்பகுதியின் கூரை பிய்த்துக்கொண்டு போனது. நின்றுகொண்டிருந்த பணிப்பெண் ஒருவர் வெளியே இழுக்கப்பட்டு இறந்தார். விமானிகள் எப்படியோ தரையிறக்கிவிட்டார்கள். அது 19 வருடப் பழைய விமானம். தீவுக்குத் தீவு தாவித் தாவி 89,680 முறை ஏறி இறங்கியிருந்தது. ஒவ்வொரு முறையும் அதன் உடம்பு ஊதிச் சுருங்கியது. தகடுகள் ஒட்டிய இடத்தில் பிடிப்பு விட்டு, ஆணித் துளைகளைச் சுற்றி மயிரிழை விரிசல்கள். ஏறும்போதே ஒரு பயணி விரிசலைப் பார்த்திருக்கிறார். யாரிடமும் சொல்லவில்லை.

விசாரணை அறிக்கையில் என்னை நிறுத்திய பகுதி பரிசோதகரின் வேலையை அது விவரிக்கும் இடம். அந்த ஆள் விமானத்தின் முதுகில் ஏற வேண்டும். விழாமலிருக்க ஹேங்கர் உத்தரத்தில் கட்டிய கயிறு. வேலை பெரும்பாலும் இரவில். நூற்றுக்கணக்கான ஆணிகளை ஒன்றொன்றாகக் கண்ணால் பார்த்து நகர வேண்டும். அநேகமாக எதுவும் இருக்காது. எதுவும் இருக்காது என்று மனசு முடிவு செய்துவிட்ட பிறகும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். மனிதன் இதில் தோற்பது இயற்கை என்பதை ஓர் அரசு அறிக்கை அன்றுதான் கொஞ்சம் பரிவோடு எழுதியது. அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் பராமரிப்புத் தொழிலாளியின் உடல், மனக் காரணிகளை ஆராயத் தனித் திட்டத்தைத் தொடங்கியது அதற்குப் பிறகுதான்.

இரண்டு வருடம் கழித்து, 1990 ஜூன் 10, பர்மிங்காமிலிருந்து ஸ்பெயினுக்குப் போன பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானத்தின் முன் கண்ணாடி நடுவானில் பிடுங்கிக்கொண்டது. கேப்டனின் பாதி உடம்பு வெளியே. சிப்பந்திகள் காலைப் பிடித்துத் தொங்கியதால் அவர் பிழைத்தார். முந்தின நாள் விடியற்காலையில் அந்தக் கண்ணாடியை மாற்றியிருந்தார்கள். 90 திருகாணிகளில் 84 விட்டம் சிறியவை. வித்தியாசம் அரை மில்லிமீட்டரைவிடச் சற்றே அதிகம். ஆள் போதாததால் பொறுப்பாளரே அந்த வேலையைச் செய்தார். வெளிச்சம் போதாத இடத்தில் பழைய ஆணியைக் கையில் வைத்துக்கொண்டு கண்ணாலேயே ஜோடி சேர்த்தார். மேடை சரியாக எட்டாததால் உடம்பை நீட்டி, எக்கி முடுக்கினார். அந்த நிலையில் ஆணியின் தலை துளையில் எப்படி உட்கார்ந்திருக்கிறது என்பது அவருக்குச் சரியாகத் தெரியவில்லை. கையேடு இருந்தது. சரியான எண்ணும் அதில் இருந்தது. எக்கி நிற்கிற ஆளின் கண்ணுக்கு முன்னால்தான் அது இல்லை.

இந்த இடத்தில்தான் இடுப்புக் கணினி வருகிறது.

விமானக் கையேடு ஒரு புத்தகம் இல்லை, ஓர் அலமாரி. அதைப் புரட்ட ஏணியிலிருந்து இறங்க வேண்டும், கையின் எண்ணெயைத் துடைக்க வேண்டும், படித்ததை மனசில் வைத்துக்கொண்டு மறுபடி ஏற வேண்டும். நாலு தடவை ஏறி இறங்கியவர் ஐந்தாம் தடவை ஞாபகத்திலிருந்தே செய்துவிடுவார். யாராக இருந்தாலும் அதைத்தான் செய்வோம். 1990இல் போயிங் நிறுவனத்தில் டாம் காடெல், டேவிட் மிசெல் இருவரும் இதற்கு ஒரு வழி யோசித்தார்கள். விமானத்துக்குள் போகும் கம்பிக் கட்டுகளை நீளமான பலகைகளில் கோக்கும் தொழிலாளியின் கண்ணுக்கு முன்னால், எந்தக் கம்பி எங்கே போக வேண்டும் என்ற கோட்டை ஒளியாகக் காட்டினால்? அதற்கு வைத்த பெயரைத்தான் இன்று மிகை மெய்ம்மை என்று மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறோம். இப்போது விளையாட்டுச் சாமானாகத் திரிகிற சொல் பிறந்தது ஒரு கம்பி கட்டுகிற பட்டறையில்.

அதைவிடச் சுவாரசியமான கதை பிட்ஸ்பர்க் நகரின் கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில் நடந்தது. டேனியல் சீவியோரெக், ஆசிம் ஸ்மைலகிச் குழுவினர் 1991இலிருந்து ‘வியூமேன்’ என்ற பெயரில் உடம்பில் அணியும் கணினிகளைச் செய்துவந்தார்கள். ஒரு கண்ணுக்கு முன்னால் சின்னதாய்ச் சிவப்பு எழுத்துத் திரை, இடுப்பில் பெட்டி. மூன்றாவது வடிவத்தை அமெரிக்கக் கடற்படைக் காலாட்படையின் நீர்நில வண்டிகளைச் சோதிக்கிறவர்களுக்காகச் செய்தார்கள். அந்தச் சோதனைக்கு ஏறக்குறைய 50 பக்கம், 600 கேள்விகள். இரண்டு பேர் வேண்டும். ஒருவர் வண்டிக்கு அடியில் ஊர்ந்து பார்த்துச் சொல்ல, இன்னொருவர் எழுதுவார். பிறகு வேறொருவர் அதைக் கணினியில் ஏற்றுவார்.

விசைப்பலகை வைக்க முடியாது, விரலெல்லாம் கிரீஸ். எலி எதற்கும் ஆகாது, அதை ஓட்ட மேசை எங்கே இருக்கிறது? அவர்கள் வைத்தது ஒரு பெரிய திருகு வட்டு. பழைய வானொலியில் நிலையம் மாற்றுகிற மாதிரி திருப்பினால் திரையில் ஒவ்வொன்றாக நகரும். தேர்ந்தெடுக்க மூன்று பொத்தான்கள், மூன்றுக்கும் ஒரே வேலை. எதற்கு மூன்று? வலக்கைக்காரர், இடக்கைக்காரர், கட்டைவிரலால் அழுத்துகிறவர் என்று யார் எப்படிப் படுத்திருந்தாலும் ஏதோ ஒன்று எட்டும். மேசையில் உட்கார்ந்து யோசிக்கிறவனுக்கு இது தோன்றியிருக்காது. வண்டிக்கு அடியில் கிடக்கிற ஆளைப் பார்த்தவனுக்கே தோன்றும். கள சோதனையில் இரண்டு ஆள் வேலை ஓர் ஆள் வேலையானது. பரிசோதனை நேரம் 40 விழுக்காடு வரை குறைந்தது. எழுதியதைத் திரும்ப ஏற்றுகிற நேரத்தையும் சேர்த்தால் 70 விழுக்காடு வரை.

இதே குழுவின் ‘நேவிகேட்டர் 2’ விமானத்துக்குப் போனது. சாக்ரமெண்டோ நகரின் மெக்லெல்லன் விமானப்படைத் தளத்தில் கேசி-135 ரக விமானங்களை வண்ணப்பூச்சு உரித்து, வெறும் உலோகமாக்கிச் சோதிப்பார்கள். பரிசோதகரின் ஆயுதங்கள் உருப்பெருக்கிக் கண்ணாடியும் பேனாக் கத்தியும். துருவையும் விரிசலையும் கண்ணாலும் கத்தி முனையாலும் தேடுவது. இங்கே கணினிக்குப் பேசிக் கட்டளை கொடுக்கலாம், பேச்சு எடுபடாவிட்டால் விரலால் நகர்த்தும் ஒரு சின்னக் குச்சி. கத்தி கையிலேயே இருக்கும்.

கத்தி, வெளிச்சம், ஒரு மில்லிமீட்டர். பால்மரத்துக்குத் திரும்புகிறேன்.

1877இல் சிங்கப்பூர் வந்த 22 ரப்பர் நாற்றுகளில் 9 பேராக்கின் கோலகங்சாரில் ஊன்றப்பட்டன. அந்த முதல் தலைமுறை மரம் என்று சொல்லப்படும் ஒன்று இன்னும் அந்த ஊரில் நிற்கிறது. மரத்தைக் கொல்லாமல் தினம் பால் எடுக்கும் முறையைச் சிங்கப்பூர்த் தாவரவியல் தோட்டத்தில் ஹென்றி ரிட்லி 1890களில் வகுத்தார். பழைய வெட்டிலேயே மெல்லிய சீவலாகப் பட்டையை எடுப்பது. 1925இல் மலாயா ரப்பர் ஆய்வுக் கழகம் நிறுவப்பட்டது. எந்தக் கோணத்தில் வெட்டினால் பால்குழாய்கள் அதிகம் அறுபடும், எத்தனை நாளுக்கு ஒருமுறை வெட்டலாம், சீவல் எவ்வளவு தடிமன் என்று எல்லாம் அளந்தார்கள். ஒட்டுமரத்தில் 30 பாகை, இடமிருந்து வலமாகச் சரிவு. சீவல் ஒன்றரை மில்லிமீட்டர் அளவு. உள்ளே வளர்திசுவைத் தொடாமல் ஒரு மில்லிமீட்டர் பட்டை மிஞ்ச வேண்டும். தொட்டுவிட்டால் காயம். காயம் பட்ட இடம் முடிச்சாகி, மறுபடி வெட்டுக்கு உதவாது.

வெட்டு முறைக்கு அவர்களிடம் ஒரு சுருக்கெழுத்துகூட உண்டு. எஸ்/2 டி/2 என்றால் மரத்தின் அரைச் சுற்றுக்கு வெட்டு, இரண்டு நாளுக்கு ஒருமுறை. அறிவியலாகப் பார்த்தால் அழகான குறியீடு. அதில் மரம் இருக்கிறது, நாள் இருக்கிறது. ஆள் இல்லை. ஆள் வருவது வேறொரு கணக்கில், ஒரு நிரைக்கு எத்தனை மரம் என்ற கணக்கில். ஐந்நூறு மரம் என்றால் ஐந்நூறு தடவை குனிந்து நிமிர்வது என்று அந்தக் கணக்கு எழுதப்படவில்லை.

மலேசியாவில் பெரும்பாலும் புழங்கியது ‘ஜெபோங்’ கத்தி. தன் பக்கம் இழுத்து வெட்டுவது. வெட்டிக்கொண்டே வெட்டுக்காரர் மரத்தைச் சுற்றிச் சின்னச் சின்ன எட்டாக நகர்வார். மணிக்கட்டு அசையாது, கால்தான் கத்தியை ஓட்டும். வெட்டு மேலே இருந்தால் கழுத்து அண்ணாந்திருக்கும், கீழே இறங்கினால் முதுகு வளையும். பட்டை எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்பதை இருட்டில் கண் முழுதாகச் சொல்லாது. கத்தி பட்டையில் ஓடும் இழுப்பு சொல்லும். விமானப் பரிசோதகரின் பேனாக் கத்தி துருவைக் கண்டுபிடிப்பதும் இப்படித்தான். அங்கே அதற்குத் திறன் என்று பெயர், சான்றிதழ், சம்பளப் படி. இங்கே, ‘படிக்கலேன்னா மரம் வெட்டத்தான் போவே’ என்று பிள்ளைகளை மிரட்டுகிற வேலை.

சோதனை தோட்டத்திலும் இருந்தது. பின்னாலேயே வந்து காயங்களை எண்ணுகிறவர் இருந்தார். காயம் கூடினால் திட்டு, சில இடங்களில் கூலியில் கை வைப்பார்கள். ஆனால் ‘ஏன் இந்த நிரையில் மட்டும் காயம் அதிகம்? விளக்கு மங்கலா, கத்திப்பிடி இந்தம்மாவின் கைக்குப் பெரிதா, வெட்டு எட்டாத உயரமா?’ என்ற கேள்வியை அந்த முறை கேட்டதில்லை. வெட்டுக்காரர்களில் பெருமளவு பெண்கள். சாப்பானிஸுக்கு முன்னால் ‘விமானியின் பிழை’ என்று எழுதி மூடிய கோப்புகளைப் போலத்தான், தோட்டத்தில் எல்லாக் காயமும் வெட்டுக்காரரின் பிழை.

புதுக் கருவி முயற்சிகள் நடக்காமல் இல்லை. ஆய்வுக் கழகம் மோட்டார் பொருத்திய கத்தியைச் செய்து பார்த்தது. சீவல் ஒரே சீராக வரும், பழக்கமில்லாதவரும் வெட்டலாம் என்பது கணக்கு. எடை, அதிர்வு, கூடவே சுமக்க வேண்டிய பேட்டரி. கை பழகியவருக்குச் சாதாரணக் கத்தியே வேகம். தோட்டங்களில் அது பரவவில்லை. 1990களில் எத்திலீன் வாயுவை மரத்துக்கு ஏற்றி, சின்ன வெட்டில் நிறையப் பால் எடுக்கும் முறை வந்தது. இவை எல்லாவற்றையும் தூண்டியது ஒன்றுதான்: வெட்ட ஆள் கிடைக்கவில்லை. இருந்தவரைக்கும் அந்தக் கைகளைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை.

1990களின் தொடக்கத்தில் தாய்லாந்து முந்திக்கொள்ளும் வரை உலகில் இயற்கை ரப்பர் உற்பத்தியில் மலேசியாதான் முதலிடம். அதற்குள்ளேயே பேராக்கில் சுங்கை சிப்புட் தொடங்கி தெலுக் இந்தான் வரை பால்மரம் சாய்ந்து செம்பனை வந்துவிட்டது. லயங்கள் காலியாகி, ஈப்போவின் ஓரங்களிலும் கிள்ளான் பள்ளத்தாக்கிலும் நம் ஆட்கள் குடியேறினார்கள். பிறகு மலேசிய செம்பனை வாரியம் ‘சந்தாஸ்’ என்ற மோட்டார் அரிவாளைக் கொண்டுவந்தபோது எடையையும் அதிர்வையும் ஒழுங்காக அளந்தார்கள், ஆள் பிடித்து வெட்டவைத்துப் பார்த்தார்கள். நல்ல விஷயம். குலை வெட்டுகிறவர் அப்போது பெரும்பாலும் இந்தோனேசியாவிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வந்தவர்.

ஹேங்கருக்கும் தோட்டத்துக்கும் உள்ள வித்தியாசத்தை முதலாளியின் மனசாட்சி என்று நான் எடுத்துக்கொள்ளவில்லை. பரிசோதகர் ஒரு விரிசலைத் தவறவிட்டால் செய்தி உலகமெங்கும் போகும், வழக்கு வரும். வெட்டுக்காரர் ஒரு மில்லிமீட்டர் தவறினால் ஒரு முடிச்சு. பிழையின் விலை ஏறும்போதோ, ஆள் அரிதாகும்போதோதான் உடம்பைப் பார்க்க வருகிறார்கள். அப்படி வருகிறவர்கள் நல்லதற்கு மட்டும் வருவதும் இல்லை. 1998இல் ஜெனிஃபர் ஆக்கர்மன், ஏமி பிரிச்செட் இருவரும் சிறு விமானங்களைப் பறப்புக்கு முன் சோதிக்கிறவர்களிடம் அணியும் கணினியைக் கொடுத்துப் பார்த்தார்கள். திரை கேட்பதை எல்லாம் பார்த்தார்கள். திரை கேட்காததைப் பார்க்காமல் விடும் போக்கு தெரிந்தது. பட்டியல் கண்ணுக்குத் துணையாக வந்து, கண்ணின் இடத்தையே பிடித்துக்கொள்கிறது. இன்னொன்றும் உண்டு. வட்டைத் திருப்பிய ஒவ்வொரு நொடியும் பெட்டிக்குள் பதிவாக முடியும். யார் எந்த ஆணியில் எத்தனை நிமிடம் நின்றார் என்று. காடெல், மிசெல் கனவு கண்ட கம்பிக் கட்டு வேலைக்குக் கால் நூற்றாண்டு கழித்துக் கூகுள் கண்ணாடியைக் கொடுத்துப் பார்த்த போயிங், நேரம் 25 விழுக்காடு குறைந்ததாக அறிவித்தது. மிச்சமான அந்தக் கால்பங்கு நேரம் யார் கணக்கில் போனது என்று கேட்டால், நம்ம பழைய தோட்டத்துக் கிராணிக்குக்கூடப் பதில் தெரியும்.

நம் எழுத்துக்கு வருகிறேன். தோட்டத்தைப் பற்றி நமக்கு ஒரு நூலகமே இருக்கிறது. அகிலன் வந்து பார்த்துவிட்டு ‘பால்மரக் காட்டினிலே’ எழுதினார். இங்கேயே பிறந்தவர்கள் அதைவிட நெருக்கமாக எழுதினார்கள். துரையின் திமிர், கங்காணியின் சவுக்கு, லயத்தின் அழுகை, கள்ளுக்கடை எல்லாம் பதிவாகியிருக்கின்றன. நான் படித்தவரை, ஒரு வெட்டு எப்படி விழுகிறது என்று அரைப் பக்கம் எழுதிய இடங்கள் மிகச் சில. துன்பத்தை எழுதும் அவசரத்தில் திறமையைத் தாண்டிப் போய்விட்டோம். ‘எவ்வளவு கஷ்டப்பட்டீங்க பாட்டி?’ என்று கேட்டால் பாட்டியும் கஷ்டத்தைத்தான் சொல்வார். வியூமேன் செய்தவர்கள் அப்படிக் கேட்டிருந்தால் வட்டும் வந்திருக்காது, மூன்று பொத்தானும் வந்திருக்காது. அவர்கள் செய்யச் சொல்லிப் பக்கத்தில் நின்றார்கள்.

ஈப்போவைச் சுற்றி, சுங்கை சிப்புட்டில், பத்து காஜாவில், வெட்டு தெரிந்த கைகள் இன்னும் இருக்கின்றன. எழுபது தாண்டியவை. ஒரு ஜெபோங் கத்தியும் கைப்பேசியில் காணொளி எடுக்க ஓர் ஆளும் இருந்தால் போதும். கல்லில் எந்தப் பக்கம் முதலில் தீட்டுவார், எந்தக் காலை முதலில் வைப்பார், மழை பெய்த மறுநாள் பிடியை மாற்றுவாரா, விளக்கை நெற்றியில் நேராகக் கட்டினாரா ஒரு பக்கமாகச் சாய்த்தா. கிட்டத்தில் ஒரு பால்மரம் கிடைப்பதுதான் இப்போது கொஞ்சம் சிரமம்.